அத்தாப்புக் கூரையும் சூரிய மின்சாரமும்



கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தலைநகருக்குப் போகிறவர்களில் பலர் ரவாங் பட்டணத்தைக் கடந்தே போகின்றனர். தீபகற்ப மலேசியாவில் மின்சாரம் முதன்முதலாகப் பயன்பட்டதாகப் பதிவாகியிருக்கும் இடம் அந்த ரவாங்தான். ஆண்டு 1894. லோக் இயூ என்ற சீனச் செல்வரும், கே. தம்புசாமிப் பிள்ளை என்ற தமிழரும் தங்கள் ஈயச் சுரங்கத்தின் வேலைக்காக அங்கே மின்னியந்திரம் ஒன்றை நிறுவினார்கள். பத்துமலையில் முருகன் கோயில் எழக் காரணமாயிருந்தவரும் இதே தம்புசாமிப் பிள்ளைதான். அடுத்த ஆண்டு, 1895இல், கோலாலம்பூர் இரயில் நிலையத்துக்கு மின்சாரம் வந்தது.

ஆக, வட சிலாங்கூரில் மின்சாரம் பிறந்த கதையில் ஒரு தமிழரின் பெயர் முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் அதே வட்டாரத்தில், சில மைல்களுக்கு அப்பால் பால்மரக் காட்டில் வேலை செய்த தமிழரின் வீட்டுக்குள் அந்த வெளிச்சம் நுழைய எத்தனை காலம் ஆயிற்று? பல தோட்டங்களில் எழுபது, எண்பது ஆண்டுகள் ஆயின. அந்த நீண்ட காத்திருப்பை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இன்று நாம் சூரிய மின்சாரத்தைப் பற்றியும், அதற்கு ஆகும் செலவைப் பற்றியும், அரசு கொடுத்துவந்த கழிவுகளைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால், பழைய கதையில் எந்த முடிச்சு இருந்ததோ அதே முடிச்சு புதிய கதையிலும் இருக்கிறது.

தோட்டத்து ஆரம்பகால வீடுகள் அத்தாப்புக் கூரை வேய்ந்தவை. பின்னர் தகரக் கூரை போட்ட பலகை லயங்கள் வந்தன. பொழுது சாய்ந்தால் மண்ணெண்ணெய் விளக்கு. விடியுமுன் பிரட்டுக்குப் போவதற்கும் ஒரு விளக்கு. பிள்ளைகள் புகை படிந்த சிமினியைச் சாம்பலால் துடைத்துவிட்டுப் பாடம் படித்த காலத்தை இன்றைய தாத்தா பாட்டிமார் நன்றாக அறிவார்கள். மின்சாரம் என்ற ஒன்று தோட்டத்தில் இல்லாமலில்லை. துரை பங்களாவிலும் ஆலையிலும் அது இருந்தது. பல தோட்டங்களில் எஞ்சின் வைத்து லயங்களுக்கும் இரவில் சில மணி நேரம் வெளிச்சம் கொடுத்தார்கள். குறித்த நேரம் வந்ததும் எஞ்சின் நின்றுவிடும். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும், எஞ்சின் இன்னும் ஒரு மணி நேரம் ஓட வேண்டுமென்றால் நிர்வாகத்திடம் கேட்டாக வேண்டும். விளக்கு எரிவது நம் வீட்டில். அதன் சுவிட்சோ வேறொருவர் கையில்.

செம்பனை ஆலைகள் இருந்த தோட்டங்களின் நிலை சற்று வேறானது. செம்பனை இந்நாட்டில் வாணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்டது நம் வட்டாரத்தில்தான். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்து வந்த பெஸ்தாரி ஜெயாவின் அருகே உள்ள தென்னமரம் தோட்டத்தில், 1917இல், ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதை நட்டார். தென்னையின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில் செம்பனை குடியேறியது வேடிக்கைதான். செம்பனை ஆலைகள் பழத்தைப் பிழிந்தபின் எஞ்சும் நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, நீராவி உண்டாக்கி, அதனால் மின்சாரமும் எடுத்துக்கொள்கின்றன. அதில் ஒரு பகுதி பக்கத்து லயங்களுக்குப் போவதும் உண்டு. கழிவை எரித்து விளக்கேற்றும் வித்தையைத் தோட்டம் வெகு காலமாக அறிந்திருந்தது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி நாட்டின் மின் விநியோகத்தைப் பார்ப்போம். 1949 செப்டம்பர் 1ஆம் நாள் மத்திய மின்சார வாரியம் தோன்றியது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் ஆயிற்று. 1990 செப்டம்பர் 1ஆம் நாள் தெனாகா நேசனல் நிறுவனமாக மாறியது. கம்பமாக நாட்டுப்புறத்துக்கு மின்கம்பி இழுக்கும் வேலை சுதந்திரத்துக்குப் பிறகு வேகமாக நடந்தது. ஆயினும் தோட்டங்கள் தனியார் நிலம் என்று கருதப்பட்டதால், அரசின் கிராம மேம்பாட்டுப் பணம் தோட்டத்து வாசலில் வந்து நின்றுவிடும். உள்ளே இருப்போருக்கு விளக்கு வேண்டுமானால் அது முதலாளி பாடு. 1980களில் காப்பாரில் பெரிய மின் நிலையம் எழும்பியது. கம்பிக் கோபுரங்கள் மரங்களின் தலைக்கு மேலே அணிவகுத்துப் போயின. தலைக்கு மேலே மின்சாரம் போவதும் வீட்டுக்குள் மின்சாரம் வருவதும் ஒன்றல்ல.

தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் 1966இல் ஒன்று இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக 1990இல் வந்ததுதான் 446ஆம் சட்டம். தொழிலாளர் குடியிருக்கும் வீடுகளுக்குப் போதிய மின்சாரம் இருக்கச் செய்வது முதலாளியின் கடமை என்று அது விதித்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அது விதித்தது முதலாளிக்கு. வீடும், கூரையும், பல இடங்களில் மீட்டரும் அவருடையவையாகவே இருந்தன. இந்த ஒரு சேதியை நேயர்கள் மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சிலிக்கான் தகட்டை 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் உலகுக்குக் காட்டியது. தகட்டின் மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கு மட்டுமே மின்சாரமாயிற்று. 1958இல் வான்கார்டு என்ற செயற்கைக்கோளில் அதைப் பொருத்தி விண்ணுக்கு அனுப்பினார்கள். அன்று அது விண்வெளிக்குப் போகும் பொருள். வீட்டுக் கூரைக்கு வரும் பொருள் அல்ல. விலை அப்படி. இன்று விற்கும் தகடுகள் நூற்றுக்கு இருபது பங்குக்கும் மேலே மின்சாரமாக்குகின்றன.

மலேசியாவில் வீட்டுக் கூரையில் தகடு பொருத்த அரசு கைகொடுத்த முதல் பெரிய முயற்சி 2005இல் தொடங்கி 2010 வரை நடந்தது. அதன் ஒரு பகுதிக்குச் சூரியா 1000 என்று பெயர். கழிவு கொடுத்த விதம் புதுமையானது. ஏலம் விட்டார்கள்! எனக்கு இத்தனை பங்கு கழிவு போதும், மீதியை நானே போட்டுக்கொள்கிறேன் என்று எழுதிக் கேட்க வேண்டும். குறைவாகக் கேட்டவருக்குத்தான் கிடைக்கும். அதாவது, கையில் பணம் மிகுந்தவருக்கே கழிவு வாய்ப்பு மிகுதி.

அப்போது விலை என்ன தெரியுமா? 2005இல் ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 31 ஆயிரம் ரிங்கிட். ஐந்து கிலோவாட் போட்டால் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டும். மலிவு விலை வீடு ஒன்றின் உச்ச விலை அக்காலத்தில் 42 ஆயிரம் ரிங்கிட். ஒரு கூரையின் மேல் தகடு போடும் பணத்தில் அத்தகைய வீடுகள் மூன்று வாங்கிவிடலாம். தோட்டத்து மக்களுக்கும் இத்திட்டத்துக்கும் எந்த உறவும் இருக்கவில்லை என்று சொன்னால் அது மிகையல்ல.

2011இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம். மற்றொன்று, செடா என்று சுருக்கமாக அழைக்கப்படும் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையத்துக்கான சட்டம். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. உங்கள் கூரையில் விளையும் மின்சாரத்தைத் தெனாகா நேசனல் 21 ஆண்டுகளுக்கு நிலையான விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும். நான்கு கிலோவாட் வரையிலான சிறு அமைப்புக்கு ஒரு யூனிட்டுக்கு 1 ரிங்கிட் 23 சென். அதே வீட்டுக்காரர் தமக்கு வேண்டிய மின்சாரத்தை யூனிட் 21 சென் அளவிலிருந்து வாங்கலாம்! நம் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு மாதத்துக்கு ஏறத்தாழ 100 யூனிட் கொடுக்கும். நான்கு கிலோவாட் என்றால் 400 யூனிட். மாதம் ஏறக்குறைய 490 ரிங்கிட் வருமானம். போட்ட முதல் ஐம்பதாயிரம் ரிங்கிட் அளவில் இருந்தாலும் ஒன்பது ஆண்டுக்குள் திரும்பிவிடும். அதற்குப் பின் பன்னிரண்டு ஆண்டு இலாபம்தான்.

இந்தப் பணத்தைக் கொடுத்தது யார்? மின்கட்டணத்தோடு நூற்றுக்கு ஒன்று என்று வசூலித்த தொகை ஒரு நிதியில் சேர்ந்தது. 2014இல் அது 1.6 ஆக உயர்ந்தது. மாதம் 300 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு விலக்களித்திருந்தார்கள். இது நியாயமான ஏற்பாடு. ஏழை வீடு இந்தச் சுமையைத் தாங்கவில்லை. ஆனால் ஏழை வீடு இந்தப் பயனையும் அடையவில்லை. ஒதுக்கீடு வரம்புக்கு உட்பட்டது. கணினி வழியே விண்ணப்பம். முதலில் வந்தவருக்கு முதலில். சூரிய மின்சார ஒதுக்கீடுகள் மிக விரைவில் தீர்ந்துபோயின. தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி 2013 ஜனவரியில் மாதச் சம்பளம் 900 ரிங்கிட். ஐம்பதாயிரம் ரிங்கிட் என்பது நான்கரை ஆண்டுக்கு மேற்பட்ட முழுச் சம்பளம். உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தால்!

அடுத்தது 2016இல் வந்த நிகர அளவீட்டு முறை. நெம் என்று இதைச் சுருக்கிச் சொல்வார்கள். இதில் மின்சாரத்தை விற்பதில்லை. பகலில் கூரையில் விளைவதை முதலில் வீடே பயன்படுத்தும். மிஞ்சியது கம்பி வழியே வெளியே போகும். அந்த யூனிட்டுகள் கட்டணச் சீட்டில் கழிக்கப்படும். தொடக்கத்தில் வெளியே போன யூனிட்டுக்குக் குறைந்த மதிப்பே போட்டார்கள். 2019 ஜனவரி முதல் ஒன்றுக்கு ஒன்று என்று ஆக்கினார்கள். 2021இல் மூன்றாம் கட்டம் வந்தது. வீடுகளுக்கான பிரிவின் பெயர் நெம் ராக்யாட். பத்தாண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று கழிவு உண்டு.

இதற்குள் தகட்டின் விலை வெகுவாக இறங்கிவிட்டது. உலகமெங்கும் ஆலைகள் பெருகின. நம் நாட்டிலேயே கெடா மாநிலத்துக் கூலிமில் அமெரிக்க நிறுவனம் ஒன்று பெரிய தகட்டாலையை அமைத்தது. 2024 வாக்கில் வீட்டு அமைப்பு ஒன்று கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 4,000 முதல் 5,000 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. இருபது ஆண்டில் விலை ஆறில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. இதே காலத்தில் விலை இறங்கிய சாமான் வேறு எதையாவது சொல்லுங்கள் பார்ப்போம்! அதோடு, 2024 ஏப்ரலிலிருந்து சோலாரிஸ் என்ற ரொக்கக் கழிவும் சேர்ந்தது. கிலோவாட்டுக்கு 1,000 ரிங்கிட். உச்சவரம்பு 4,000 ரிங்கிட். இது நெம் ராக்யாட்டோடு பிணைந்தது. அந்த நெம் திட்டத்தின் விண்ணப்பம் 2025 ஜூன் 30ஆம் நாளோடு மூடப்பட்டது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். தாய்மார்கள் கட்டணச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்கலாம். 2025 ஜூன் வரை நடப்பிலிருந்த வீட்டுக் கட்டணப்படி, முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் 21.8 சென், அடுத்த 100 யூனிட்டுக்கு 33.4 சென், அடுத்த 300 யூனிட்டுக்கு 51.6 சென்.

பட்டணத்து வீடொன்று மாதம் 600 யூனிட் எரிக்கிறது. கட்டணம் 231 ரிங்கிட் 80 சென். அதன் கூரையில் மூன்று கிலோவாட் போட்டால் 300 யூனிட் குறையும். குறைவது விலை உயர்ந்த மேல்படி யூனிட்டுகள். கட்டணம் 77 ரிங்கிட்டாக இறங்கும். மாதம் 154 ரிங்கிட் 80 சென் மிச்சம். 15,000 ரிங்கிட் செலவில் 3,000 கழிவு போனால் 12,000. ஆறரை ஆண்டில் முதல் திரும்பிவிடும்.

தோட்டத்து வீடொன்று 200 யூனிட்தான் எரிக்கிறது. கட்டணம் 43 ரிங்கிட் 60 சென். இரண்டு கிலோவாட் போட்டு முழுவதையும் கழித்தாலும் மிச்சமாவது அதிகபட்சம் இந்த 43 ரிங்கிட் 60 சென்தான். 10,000 ரிங்கிட்டில் 2,000 கழிவு போனால் 8,000. முதல் திரும்பப் பதினைந்து ஆண்டு ஆகும். ஒன்றுக்கு ஒன்று கழிவோ பத்தாண்டுக்குத்தான்! அதே சூரியன், அதே தகடு, கிலோவாட்டுக்கு அதே கழிவு. ஆனால் சிக்கனமாக வாழும் வீட்டுக்குப் பயன் குறைவு. தாராளமாக எரிக்கும் வீட்டுக்குப் பயன் மிகுதி.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2008 அக்டோபரிலிருந்து, 20 ரிங்கிட்டுக்கு மேற்படாத கட்டணத்தை அரசே ஏற்றது. 2019 ஜனவரி முதல், இகாசே பட்டியலில் உள்ள வறிய குடும்பங்களுக்கு மாதம் 40 ரிங்கிட் வரை கழிவு என்று மாறியது. நாம் சொன்ன 200 யூனிட் வீடு அப்பட்டியலில் இருந்தால் அது கட்ட வேண்டியது 3 ரிங்கிட் 60 சென். அந்த வீட்டுக்குக் கடன் வாங்கித் தகடு போடச் சொல்லுகிறவர் நல்லெண்ணத்தோடு பேசுகிறவர் அல்லர். முதலில் கேட்க வேண்டியது இகாசே பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதே. அங்கேயும் ஒரு நிபந்தனை உண்டு. தெனாகா கணக்கு வேண்டும். தோட்டத்துக்கே ஒரு மீட்டர், நிர்வாகத்தின் பேரில் ஒரு கணக்கு என்று இருந்தால் அந்த வீட்டுக்குக் கழிவு எந்தச் சீட்டில் வரும்?

அந்தப் பழைய முடிச்சு இதுதான். ஏலமானாலும், 21 ஆண்டு விலையானாலும், நெம் ஆனாலும், ரொக்கக் கழிவானாலும், எல்லாம் ஒரே ஆளைத் தேடிவந்தன. சொந்தக் கூரை உள்ளவர். தம் பேரில் மீட்டர் உள்ளவர். முதலில் பணம் கட்டக்கூடியவர். லயத்து வீட்டுக்காரருக்கு மூன்றுமில்லை. கூரை நிர்வாகத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். நாளை காலி செய்யவேண்டிய வீட்டின் பழைய தகரத்தின் மேல், ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்குக் குறையாத எட்டுப் பத்துத் தகடுகளை யார் ஏற்றுவார்?

தமிழ்நாட்டில் இதை வேறு வழியில் செய்து பார்த்தார்கள். 2011இல் அங்கே சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் தொடங்கப்பட்டது. ஊர்ப்புறத்து ஏழைகளுக்கு 300 சதுர அடி வீடு. ஒவ்வொரு வீட்டிலும் சூரிய ஒளியால் எரியும் ஐந்து விளக்குகள். தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஒதுக்கிய தொகை 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அதில் 30 ஆயிரம் விளக்குகளுக்கு. ஆண்டுக்கு 60 ஆயிரம் வீடுகள் இலக்கு. ஐந்து விளக்கு பெரிதல்ல. குளிர்பதனப் பெட்டி அதில் ஓடாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே பயனாளி முதலில் பணம் கட்டிவிட்டுப் பின்னர் கழிவு கேட்கவில்லை. வீட்டையும் விளக்கையும் ஒரே கணக்கில் சேர்த்தார்கள். கூரை அவருடையதாகும் நாளில் வெளிச்சமும் அவருடையதாயிற்று.

நம் வட்டாரத்தில் கூரை சொந்தமாகும் நாளுக்காகக் காத்திருப்போர் பலர். பெஸ்தாரி ஜெயா சுற்றுவட்டாரத்தின் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்களின் கதை ஊரறிந்தது. தோட்டங்கள் கைமாறின, வீடு தருவதாகச் சொன்ன சொல் கால் நூற்றாண்டு தொங்கியது. பிள்ளைகளாக இருந்தவர்கள் பிள்ளை பெற்றார்கள். 2023இல் அவர்களுக்கான வீடமைப்புத் திட்டத்தை அரசு அறிவித்தது. இப்படிப்பட்ட திட்டங்களில் வீட்டின் வரைபடம் போடும்போதே கூரையில் தகட்டுக்கு இடமும், கம்பி இறங்கக் குழாயும் வைத்துவிட்டால் செலவு சொற்பம். கட்டி முடித்தபின் சுவரை உடைத்துச் செய்தால் அதற்குத் தனிச் செலவு. வீட்டுக்காரர் சங்கங்களும் தோட்டத்துத் தலைவர்களும் இதைக் கேட்பதற்கு உரிய நேரம், அஸ்திவாரத்துக்கு முன்னால்.

2026 தொடக்கத்தில் நெம் திட்டத்தின் இடத்தில் புதிய திட்டம் வந்திருக்கிறது. அதன் பெயர் சோலார் அத்தாப். மலாய் மொழியில் அத்தாப் என்றால் கூரை. நம் பாட்டன்மார் நீப்பா ஓலை வேய்ந்து குடியிருந்த அதே அத்தாப்பு! மிஞ்சும் மின்சாரத்துக்கு மதிப்பிடும் முறை இதில் நெம் திட்டத்தைப் போன்றதல்ல. ஆகவே பழைய கணக்கைக் காட்டி விற்க வருவோரிடம் எச்சரிக்கை தேவை. புதிதாகத் தாமான் வீட்டுச் சாவி வாங்கியவர்கள், தகடு விற்க யாரேனும் வாசலில் வந்து நின்றால், அந்த நிறுவனம் செடாவில் பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள். கடந்த பன்னிரண்டு மாதக் கட்டணச் சீட்டுகளை எடுத்து வைத்து, மாதம் எத்தனை யூனிட் என்று பாருங்கள். 300 யூனிட்டுக்குள் என்றால் அவசரமே இல்லை. விலை இன்னும் இறங்கலாம். அதற்கு மேலே என்றால், எத்தனை கிலோவாட், மொத்த விலை என்ன, மாதம் எவ்வளவு மிச்சமாகும், எத்தனை ஆண்டுக்கு உத்தரவாதம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். நான்கு கிலோவாட்டின் விலை 18,000 ரிங்கிட் என்றால் அது ஏறக்குறைய பத்தரை மாதச் சம்பளம். நான்கரை ஆண்டுச் சம்பளமாக இருந்தது இந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது. வீட்டுப் பட்டாவும் தெனாகா கணக்கும் யார் பேரில் இருக்கின்றன என்பதையும் அன்றே பார்த்து வையுங்கள். அப்பா பேரில் வீடும், காலமான தாத்தா பேரில் மீட்டரும் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. பெயர் மாற்றத்துக்குத் தெனாகா நேசனல் கிளைக்கு அடையாள அட்டையோடும் வீட்டுப் பத்திரத்தோடும் போக வேண்டும். அதற்குத் தகடு எதுவும் வாங்க வேண்டியதில்லை.